மூன்றாவது ஓட்டு

தண்ணீர் திறந்துவிடுகிறவனுக்கு நல்ல பெயர் கிடைப்பதே இல்லை, ஐயா. ஐந்து நிமிடம் தாமதமானால் வசவு. நேரத்துக்கு வந்தால் தண்ணீர் தானாக வந்ததாக நினைத்துக்கொள்வார்கள். பதினாறு வருடம் எங்கள் தெரு வால்வைத் திருகியிருக்கிறேன். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தெருக் குழாயில் ஓர் இடத்தில் விரிசல். அதற்கு மேலேதான் சாக்கடை போகிறது. தண்ணீர் ஓடாத நேரத்தில் அது உள்ளே இறங்கிவிடும். என் மகள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து மூன்றாம் நாள் செத்த பிறகுதான் இது தெரியவந்தது. அவளுக்கு ஒன்பது வயது. குழாயை மாற்றச் சொல்லி நடையாய் நடந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதனால் தினமும் காலையில் அரை மணி நேரம் முன்னதாகப் போய், முதலில் வரும் தண்ணீரைப் பக்க வால்வு வழியாக ஓடைக்கு விட்டுவிட்டு, தெளிந்த பிறகே தெருவுக்குத் திருப்புவேன். விரிசல் தெருவுக்கே தெரியும். இந்த அரை மணி நேரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தேர்தல் வந்தது. என் மனைவி சுயேச்சையாக நின்றாள். குழாயை மாற்றுவேன் என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல வேறெதுவும் இல்லை. வீடு வீடாகப் போனாள். "உங்களுக்குப் போடாம வேற யாருக்குக்கா போடுவோம்?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த வாரம் எதிர்த்து நின்ற மரக்கடைக்காரர், தன் படம் ஒட்டிய எவர்சில்வர் குடத்தை வீட்டுக்கு ஒன்றாக இறக்கினார். நாற்பத்தொரு வீட்டில் நாற்பது குடம். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

எங்கள் தெருவுக்கென்றே தனி வாக்குச்சாவடி. எண்ணியபோது அவளுக்கு விழுந்திருந்தது மூன்று ஓட்டு. ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. மூன்றாவது யாரோ கை தவறிப் போட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தவள் மகளின் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு அவள் வாசல் பக்கமே வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. இன்றும் எரிகிறது.

மறுநாளிலிருந்து நான் சரியான நேரத்துக்குப் போனேன். அவ்வளவுதான் செய்தேன். அரை மணி முன்னதாகப் போகவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நான் எதையும் கலக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் மேட்டுத் தெருவிலிருந்து பிடித்து வந்தேன்.

நாலாம் நாள், கடைசி வீட்டுத் தையல்காரம்மா வால்வுக் குழிக்கே வந்துவிட்டாள். "அண்ணே, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதே, பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?"

"புதுக் குடம்ல, அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல போயிடும். கொடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் போய்த் தெருவெல்லாம் சொன்னாள். எல்லாரும் நம்பினார்கள். ஓட்டுப் போடும்போதுதான் எங்கள் பேச்சு அவர்களுக்கு நினைவில்லை.

முப்பத்தொரு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆறு பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி தையல்காரம்மாவின் மகள். என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க வலி இப்பத்தான் புரியுது அண்ணே. அக்காவுக்கு அந்த ஒரு ஓட்டுப் போட்டது நான்தான். குடம் வேணாம்னு சொல்லப் பயமா இருந்துச்சு, வாங்கி வெச்சுக்கிட்டேன். ஆனா ஓட்டை மாத்திப் போட மனசு வரலை" என்றாள்.

அதைக் கேட்டு மனம் மாறி வந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். தண்ணீர் கெட்டதற்குப் பம்ப் அறைக்காரன்தான் காரணமென்று அவனை ஸ்டேஷனில் பிடித்து வைத்து அடித்ததாகக் கேள்விப்பட்டேன். தப்புச் செய்யாதவனைத் தண்டிப்பது அநியாயம், அதனால் வந்தேன். தெரிந்துதான் செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தையல்காரம்மா விஷயத்தில் ஆள் மாறிப்போயிற்று என்று மட்டும் எழுதவேண்டாம்.

அவள் வீட்டிலும் குடம் இருந்தது, ஐயா. நான் பார்த்தேன்.