ஐந்து நாட்டு பீரும் விளிம்பில் தங்கிய கசப்பும்

சூளை மண் ஒட்டிய புடவையோடு இந்தத் தலைமை நாற்காலியை அழகு செய்யும் பீங்கான் தொழிலாளர் சங்கத் தலைவி ராஜாம்பாள் அவர்களே! அனலில் புருவம் பொசுங்கியும் புன்னகை பொசுங்காத பெரியோர்களே! கிளேஸ் பூச்சுத் தொட்டியில் கை நனைத்துக் குடும்பம் காக்கும் தாய்மார்களே! கடைசிப் பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டு மூச்சிரைக்க வந்து நிற்கும் தோழர்களே! முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்த விருத்தாசலத்தில் சூளை அடுக்கிய மேஸ்திரி பாவாடையின் வணக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்தது பீரைப் பற்றி! முன்வரிசைத் தாய்மார்கள் முகத்தைத் திருப்ப வேண்டாம். ஆமாம், குடித்தேன். என் வீட்டில் குடித்தேன். பட்டப்பகலில், மருமகள் அன்புக்கரசியின் கண்ணெதிரே குடித்தேன். குடித்ததால்தான் இன்று நாலாயிரம் குவளைகள் புதுச்சேரிக்குப் புறப்படுகின்றன!

நடந்தது என்ன? இந்த ஈராயிரத்து ஆறாம் ஆண்டுத் தை மாதம். நம் சங்கத்தில் இருபத்திரண்டு பெண்கள்; கையில் ஒரு வேலை இல்லை. புதுச்சேரியில் ஓட்டல் நடத்தும் பாலகிருஷ்ணன் பீர் குவளை கேட்டார். மாதிரி அனுப்பினோம், திரும்பியது. மறுபடி அனுப்பினோம், மறுபடி திரும்பியது. மூன்றாம் முறை அவரே என் வீட்டுக்கு வந்தார், ஐந்து நாட்டு பீர் பாட்டில்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு.

"ஐயா, உங்க கப்பு பாக்க ராஜா மாதிரி இருக்குது. ஆனா எந்த பீர ஊத்துனாலும் ஒரே ருசிதான் வருது. எங்கிட்ட வர்றவங்க பல நாட்டு பீர ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டுப் பாக்கறவங்க. மாசிமகத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா நான் வேற ஊரு பாத்துக்கறேன்" என்று சொல்லி, பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாசிமகம் தாண்டினால் சூளை அணையும். சூளை அணைந்தால் இருபத்திரண்டு அடுப்பு அணையும்!

முதலில் கண்ணாடி டம்ளரில் ஊற்றினோம். என் மகன் ஜெயராஜ் ஒவ்வொரு லேபிளாகப் படித்தான். "இதுதாம்ப்பா விலை ஒசத்தி. ருசிய பாரு, அமிர்தம்!"

"டேய், நாக்கு பேசல, லேபிளு பேசுது. எனக்குப் படிக்கத் தெரியாது, நான் நாக்கால பாக்கறேன், குடு" என்றேன்.

ஒரு மிடறு, ஒரே ஒரு மிடறு. ஜெர்மனி பீரில் பழுத்த வாழைப்பழ வாசனை! பெல்ஜியத்தில் கொத்தமல்லி விதையும் கமலாப்பழத் தோலும்! அயர்லாந்துக் கறுப்பில் தீய வறுத்த காப்பிக்கொட்டை! இங்கிலாந்தில் வேப்பம்பூக் கசப்பு! அவன் அமிர்தம் என்ற ஆலந்து நாட்டு பீரோ, அரிசி களைந்த தண்ணீர்!

அடுத்து நம் குவளை. முதலில் வேப்பம்பூக் கசப்பை ஊற்றிக் குடித்தேன். கழுவினேன். வாழைப்பழத்தை ஊற்றினேன், கசந்தது. கழுவினேன். காப்பிக்கொட்டையை ஊற்றினேன், அதுவும் கசந்தது!

"அப்பாவுக்கு ஏறிடுச்சி" என்றான் ஜெயராஜ்.

"மாமா நெதானமாத்தான் இருக்காரு, நீங்க அந்த பாட்டில கீழ வைங்க" என்றாள் அன்புக்கரசி.

கழுவிய வெறுங்குவளையை எடுத்தேன். உள்ளே நக்கினேன், ஒன்றுமில்லை. விளிம்பை நக்கினேன். அங்கே இருந்தது கசப்பு! அந்த விளிம்பில் கிளேஸ் இல்லை, தோழர்களே! பூச்சில்லாத வெறும் மண் பீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உதட்டுக்கு உதடு ஊட்டிக்கொண்டிருந்தது.

ஏன் பூச்சில்லை? யார் செய்த வேலை அது? சொல்லட்டுமா? நான் செய்த வேலை! வெந்து வரும்போது வாய் கோணாமல் இருக்க, இரண்டு குவளையை வாயோடு வாய் கவிழ்த்து அடுக்கு என்று இந்த ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். வாயில் பூச்சிருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் துடைத்துவிடு என்றவனும் நான். டீக்கடைக்குக் கப்பு போனபோது யாரும் கேட்கவில்லை. ஐந்து நாட்டு பீர் வந்து கேட்டது!

அன்புக்கரசி கேட்டாள்: "வாய்க்கும் கிளேஸ் போட்டு, தனித்தனியா நிமுத்தி வெச்சிச் சுட்டா என்ன மாமா?"

"கோணிக்கும்மா."

"விளிம்ப ஒரு நூலு தடிமனா உருட்டுனா கோணாம நிக்கும்ல?"

"ஒனக்கு என்னா தெரியும் சூளையப் பத்தி?" என்று கத்தினேன். ஆமாம் தாய்மார்களே, கத்தினேன். அவள் அசையவில்லை. "கசப்பு எங்க இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க, நான் நம்புனேன். இத நான் சொல்றேன், நீங்க நம்புங்க" என்றாள்.

நம்பினேன். முதல் சூளையில் பாதிக்குப் பாதி கோணல். அவள் அழுதாளா? இல்லை! விளிம்பில் இன்னும் ஒரு நூல் தடிமன் கூட்டினாள். அடுத்த சூளையைத் திறந்தோம். நின்றன தோழர்களே, நின்றன! வட்டம் வழுவாமல், வாய் கோணாமல், விளிம்பு மின்ன நின்றன!

மாசிமகத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாலகிருஷ்ணன் வந்தார். அவர் கண்ணைத் துண்டால் கட்டினேன். ஒரே குவளை, கழுவிக் கழுவி ஐந்து பீர். ஐந்துக்கும் ஊர் பேர் சொன்னார்! கட்டை அவிழ்த்த கையோடு சொன்னார்: "நாலாயிரம் அனுப்புங்க!"

அங்கே யார்? "பெருசு, எந்த பீரு ஜெயிச்சுது?" என்றா கேட்கிறாய்? வாழைப்பழக்காரன் ஜெயித்தான்! என் மகனிடம் சொல்லாதே, விலை உயர்ந்தவன் கடைசி!

ஆனால் உண்மையில் ஜெயித்தது யார்? தப்புச் செய்த கை என் கை. தப்பைக் கண்ட நாக்கு என் நாக்கு. அதைத் திருத்திய அறிவு? அன்புக்கரசியின் அறிவு! இந்த ஊரில் கிளேஸ் தொட்டி வரைக்கும்தான் பெண்கள். சூளைக்குள் அடுக்கும் மேஸ்திரி என்றால் ஆண்தான். அந்தச் சட்டத்தையும் நாங்கள்தான் போட்டோம், நான்தான் காத்தேன். தலைவி அவர்களே, ஊரறியச் சொல்கிறேன்: நாளைக் காலை சூளைக்கு அன்புக்கரசிதான் மேஸ்திரி! அவள் கைகாட்டும் இடத்தில் இந்தப் பாவாடை குவளையை வைப்பான். கோணினால் திட்டட்டும், கேட்டுக்கொள்வேன்!

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் கும்பிடு. லாரி ஆரன் அடிக்கிறது. எழுந்திருங்கள், எல்லோரும் போய் வழியனுப்புவோம்!