பதினாறாம் முனை

நவம்பர் 9, வியாழன்.

சென்ற வாரக் குறிப்பில் தையல்காரர் கடை ஸ்பீக்கரின் மின்தடையை எட்டு ஓம் என்று எழுதியிருக்கிறேன். அது நான்கு ஓம். அடித்துத் திருத்திவிட்டேன். எழுதும்போதே சரிபார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

பழைய ரேடியோக்களில் இருந்தது போன்ற கண்ணாடி வால்வு ஆம்ப்ளிஃபயரில் இது சின்ன விஷயம் இல்லை. அவருடையது மூன்று வாட்தான் தரும். அதன் பின்புறத்தில் நான்கு, எட்டு, பதினாறு என்று ஓம் குறித்த மூன்று திருகு முனைகள். நான்கு ஓம் ஸ்பீக்கரை நான்காம் முனையில் மாட்டினால் அந்த மூன்று வாட்டும் ஒலியாக வந்து சேரும். பதினாறில் மாட்டினால் எதுவும் எரியாது, புகையாது. சத்தம் தேய்ந்து கரகரக்கும், அவ்வளவுதான்.

தையல்காரர் மாலை எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் என் பக்கத்து இருக்கை. கடை கீழே, வீடு மேலே. அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, மூச்சிரைப்பும் உண்டு. மூச்சு முட்டினால் அவர் மாடிக்கு ஓடி, முகமூடியை வைத்து மருந்து மெஷினைப் போட வேண்டும். அந்த நேரத்தில் அந்த அம்மாவின் விரல்கள் போனையோ மணியையோ அழுத்தாது. அதனால் கட்டிலருகே மைக், கடையில் ஸ்பீக்கர், நடுவில் நாங்கள் இருவரும் வகுப்பில் சேர்ந்து செய்த ஆம்ப்ளிஃபயர்.

முதல் முறை கம்பியைப் பதினாறில் மாட்டியது உண்மையாகவே கைத்தவறுதான். மறுநாள் அவர் சொன்னார்: "தம்பி, உங்க அக்கா குரல் தொண்டை கட்டின மாதிரி வருது. வந்து என்னன்னு பாரேன். அப்படியே சாப்பிட்டுப் போ."

போனேன். கம்பியை மாற்ற ஒரு நிமிடம் போதும். நான் வெகுநேரம் எடுத்துக்கொண்டேன்.

"என்ன டாக்டரே, பெட்டி பொழைக்குமா?" என்றார் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கட்டிலிலிருந்து.

"பொழைச்சிடும்க்கா. மூணு வாட்டுதானே, பக்குவமா வச்சுக்கணும்."

"மூணு வாட்டா? நான் முப்பது வாட்டி கூப்பிட்டாத்தான் உங்க அண்ணன் ஏறியே வர்றாரு."

தையல்காரர் தட்டோடு குலுங்கிச் சிரித்தார். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். என் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது.

அதன்பின் பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. யாரும் கூப்பிடவில்லை. காரணமில்லாமல் ஒருவர் வீட்டுக்கு எப்படிப் போவது? வால்வைச் சோதிக்கிறேன் என்று ஒரு முறை போனேன். திரும்பும்போது கம்பியைப் பதினாறுக்கு மாற்றிவிட்டு வந்தேன். மறுநாளே அழைப்பு வந்தது.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஆனால் அளவோடுதான் செய்தேன். பதினாறில் இருக்கும்போதும் அக்காவின் குரல் தையல் மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கிறதா என்று சோதித்தேன். கேட்டது. கேட்காவிட்டால் அதோடு நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தத் திங்கட்கிழமை எனக்கு ஓர் ஆசை. வாரநாட்களில் சாப்பிட்டவுடன் கிளம்ப வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை என்றால் கடை மூடியிருக்கும், நாள் முழுக்க இருக்கலாம். அதனால் கம்பியைப் பதினாறுக்கு மாற்றிவிட்டு, "புது வால்வு போட்டிருக்கேண்ணே. பழகற வரைக்கும் சத்தம் கம்மியாத்தான் வரும். சனிக்கிழமை வந்து பாத்துடறேன்" என்றேன். வால்வு பழையதுதான். நான் சொன்னால் அவர் நம்புவார்.

செவ்வாய்க்கிழமை அவசர வேலை என்று இரண்டாவது மெஷினில் இன்னோர் ஆளையும் உட்காரவைத்துத் தைத்திருக்கிறார். அன்று மதியம் அக்கா கூப்பிட்டிருக்கிறார். தேநீர் கொண்டுபோனபோதுதான் மூச்சு நின்றுபோயிருந்தது இவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று போய்ப் பார்த்தேன். கட்டிலில் விரிப்பு இல்லை.

"என்னமோ கரகரன்னுச்சு தம்பி. புது வால்வு பழகுதுன்னு விட்டுட்டேன். பெட்டி நல்லாத்தானே இருந்துச்சு?"

"பெட்டி நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்றேன். "ரெண்டு மெஷின் ஓடினா யாருக்குண்ணே கேக்கும்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீயும் வராம இருந்துடாத தம்பி" என்றார். இப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை.

யோசித்துப் பார்த்தால் என் தவறு ஒன்றுதான். ஒரு மெஷினை ஓட்டிச் சோதித்தவன், இரண்டை ஓட்டிச் சோதிக்கவில்லை.

நாளை: கம்பி இன்னும் பதினாறில் இருக்கிறது, அவர் பார்ப்பதற்கு முன் நான்கிற்கு மாற்ற வேண்டும். இரண்டு பேருக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.