நான்காம் நிலை

மனிதத் தோலைக் காப்பதைவிட மேலான தொண்டு இவ்வுலகில் வேறில்லை. இது என் வாக்கியம் அல்ல. காயப் பராமரிப்புச் சிறப்புச் சான்றிதழ்த் தேர்வுக்கான கையேட்டின் முதல் பக்கத்தில், தங்க நிற எழுத்தில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், இரண்டு காதும் தெரியாத புகைப்படம் நிராகரிக்கப்படும் என்று இருக்கிறது.

என் விண்ணப்பம் முதலில் காதுக்காகத்தான் திரும்பி வந்தது. அடுத்து இனிஷியலுக்காக வந்தது. பள்ளிச் சான்றிதழில் அது பெயருக்கு முன்னால் நிற்கிறது, நர்சிங் பதிவில் பின்னால் நிற்கிறது. அதற்குப் பிறகு, அனுபவச் சான்றில் கண்காணிப்பாளரின் முத்திரை அவர் கையெழுத்தைத் தொடவில்லை என்று வந்தது. அவரிடம் கொண்டுபோனேன். "தொட்டா என்ன, தொடாட்டா என்ன, நான்தானே ரெண்டையும் போட்டேன்" என்றார். அதைத் தேர்வு வாரியத்திடம் நான் எப்படிச் சொல்வது?

நடந்ததை என் சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னீர்கள். நீங்கள் மூன்று பேரும் பொறுமையாகக் கேட்பவர்களாகத் தெரிகிறது. அதனால்தான் காதிலிருந்து ஆரம்பித்தேன். எந்த நிலைமையில் ஒரு மனிதன் முடிவெடுக்கிறான் என்பது முக்கியம் இல்லையா?

எங்கள் வார்டு நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களுக்கானது. பக்கவாதம், முதுகெலும்பு முறிவு, இப்படி. வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 'படுக்கைப் புண் இல்லாத வார்டு.' கண்காணிப்பாளர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். கத்தரிக்கோல் எங்கள் டிரஸ்ஸிங் தட்டிலிருந்து போனது, திரும்பி வரவே இல்லை. அந்தப் பலகை என்னால் வந்தது. நோயாளிகளை நேரம் தவறாமல் இடப்பக்கம், வலப்பக்கம் என்று திருப்பிப் போட வைத்தவன் நான். படுக்கைப் புண் என்பது வேறொன்றும் இல்லை, உடம்பின் எடை ஒரே இடத்தில் தங்கிவிடுவதுதான். திருப்பினால் வராது. அவ்வளவு எளிது. அந்த எளிமைதான் எனக்கு எமனாக வந்தது.

காரணம், கையேட்டின் பின்பகுதியில் ஒரு நிபந்தனை. தேர்வு எழுதுபவர் நான்காம் நிலைப் புண் ஒன்றையாவது தானே கவனித்து, ஆறும் வழிக்குக் கொண்டுவந்து, படங்களோடு கோப்பு தர வேண்டும். தோல் சிவந்தால் முதல் நிலை. தோல் உரிந்தால் இரண்டு. பள்ளமாகிக் கொழுப்பு தெரிந்தால் மூன்று. எலும்போ தசையோ தெரிந்தால் நான்கு. என் வார்டில் முதல் நிலையே கிடையாது. நல்லா வேலை பார்த்ததற்குத் தண்டனை என்று கேட்டிருக்கிறீர்களா? நான் அனுபவித்திருக்கிறேன்.

வெளியிலிருந்து புண்ணோடு வருபவர்கள் எல்லோரும் நேரே கீழ்த்தளத்துக் காய கிளினிக்குக்குப் போனார்கள். அதை நடத்தும் சிஸ்டர் எனக்கு இரண்டு பேட்ச் இளையவர். சான்றிதழ் வாங்கியவர். சட்டையில் ஒரு சின்னத் தங்க வில்லை குத்தியிருப்பார், ஸ்வெட்டர் போட்டால் ஸ்வெட்டரின் மேலும் குத்தியிருப்பார். நாங்கள் அவரை வில்லைக்காரி என்போம். மாநாடுகளுக்குப் போய் மேடையில் பேசுவார், சால்வையோடு திரும்புவார். எனக்குப் பொறாமை இல்லை. அவர் கட்டுப்போடும்போது பஞ்சை இரண்டு விரலால் பிடிப்பார், அது தப்பு என்று மட்டும் எனக்குத் தெரியும்.

அவரிடமே போய் நின்றேன். "ஒரே ஒரு கேஸ் குடுங்க சிஸ்டர். நாலாம் நிலை. நானே வந்து பாத்துக்கறேன்."

"அய்யோ பிரதர், குடுக்கக்கூடாதுன்னு இல்ல. சர்டிபிகேட் இல்லாதவங்க நாலாம் நிலையைத் தொடக்கூடாதுன்னு ரூல் இருக்கே."

"அதைத் தொட்டாத்தானே சர்டிபிகேட்டு தருவாங்க?"

"அதான் பிரதர் பாவமா இருக்கு" என்று வில்லையைச் சரி செய்துகொண்டார்.

வேறு மருத்துவமனைகளுக்கு எழுதினேன். எல்லோரும் தங்களிடம் அப்படியொரு புண்ணே இல்லை என்று பதில் போட்டார்கள். எந்த மருத்துவமனை ஒத்துக்கொள்ளும்? வாரியத்துக்கு போன் போட்டேன். எந்த எண்ணை அழுத்தினாலும் முதல் எண்ணுக்கே கொண்டுவந்து விட்டது. வீட்டுக்குப் போனால் மச்சான் உட்கார்ந்திருப்பார், என் மனைவியின் அண்ணன். வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாப்ளே, டெஸ்டு பாஸாயிட்டீங்களா?"

"இன்னும் எழுதலை."

"எழுதாமயே இத்தனை வருஷமா? எங்க வீட்டுப் பையன் எழுதியே ஃபெயிலாயிட்டான், நீங்க பரவால்ல."

என் மனைவி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக அடுப்படிக்குப் போனாள். அந்தச் சத்தம் இல்லாத சிரிப்புதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில்தான் கிரேன்காரர் வந்தார்.

கட்டட வேலையில் உயரத்திலிருந்து விழுந்தவர். கிரேனிலிருந்து இல்லை; இறங்கிவந்து சாப்பிட்டுவிட்டு, ஏணியில் திரும்ப ஏறும்போது. "மேல இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகல தம்பி, சோத்துக்கு இறங்கினது தப்பு" என்பார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மற்றபடி ஆள் முழு ஆள். வந்த அன்றே என்னைத் 'தம்பி' ஆக்கிவிட்டார். நானும் 'அண்ணே' என்றேன். கூட இருந்த அவர் மனைவி அண்ணி ஆனார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப் பழகிவிட்டால் வீட்டுக்கு அனுப்புவதாக பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டி. "எத்தன டன்னு தூக்கினவன். ஒரு வண்டிய உருட்ட மாட்டனா?"

நன்றாக வந்துகொண்டிருந்தார். உட்கார ஆரம்பித்திருந்தார்.

எல்லோரையும் விட்டு அவரை ஏன் என்று கேட்பீர்கள். அவருக்கு வலிக்காது. இதை நான் நன்றாக யோசித்தே முடிவு செய்தேன். வலி தெரிந்த ஒருவரை நான் தேர்ந்தெடுத்திருந்தால், நீங்கள் என்னைக் கேள்வி கேட்பது நியாயம்.

நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தினேன். அவருக்குக் காற்று மெத்தை வரவழைத்தேன். மோட்டார் வைத்தது, அறை அறையாகக் காற்றை மாற்றி மாற்றி நிரப்பி, உடம்பின் எடை ஒரே இடத்தில் தங்காமல் பார்த்துக்கொள்வது. இனி திருப்ப வேண்டாம், மெத்தையே பார்த்துக்கொள்ளும் என்று அண்ணியிடம் சொன்னேன். மற்ற ஷிப்ட் நர்சுகளிடம், முதுகெலும்பை அசைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் மருத்துவமனையில் அப்படிக் கேட்டால், கேட்டவர் போய் அந்த டாக்டரைத் தேட வேண்டிவரும். சக்கர நாற்காலிப் பயிற்சியையும் அதே டாக்டர் பேரில் தள்ளிவைத்தேன். பிறகு மோட்டாரை அணைத்தேன்.

அண்ணிக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. மெத்தையில் காதை வைத்துப் பார்த்தார். "பக்கத்து பெட்டுல உய்யினு ஒரு சத்தம் வருது தம்பி. இதுல ஒண்ணயும் காணோமே?"

"இது புது மாடல் அண்ணி. சத்தமே வராது."

"அப்ப ராவுல நல்லாத் தூங்குவாரு" என்று சந்தோஷப்பட்டார்.

நான் ஓய்வு நேரத்தில் அவர் கட்டில் பக்கத்தில்தான் படிப்பேன். கிரேன்காரருக்குப் பொழுது போகவில்லை. கையேட்டின் மாதிரி வினாக்களை வாங்கி, வாத்தியார் மாதிரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைக் கேட்பார். விடைகளை உள்ளங்கையால் மறைத்துக்கொள்வார். நான் எட்டிப் பார்க்கவா போகிறேன்?

"அடுத்தது. படுத்த படுக்கையா இருக்கிறவங்களை எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை."

கையை எடுத்துப் பார்த்தார். "கரெக்டு." அப்புறம் கொஞ்சம் யோசித்தார். "அப்ப என்ன ஏன் யாரும் திருப்பறதில்ல?"

"உங்களுக்குத்தான் மெத்தை இருக்கே அண்ணே."

"அட, ஆமால்ல" என்று அடுத்த வினாவுக்குப் போனார். அதற்கும் நான் சரியாகவே சொன்னேன். அண்ணி எங்கள் இரண்டு பேருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார்.

இடுப்புக்குக் கீழே, முதுகு முடியும் இடத்தில், முதலில் சிவந்தது. பிறகு உரிந்தது. பிறகு பள்ளமாகி, அடியில் எலும்பு வெளிறித் தெரிந்தது. மோட்டாரை அப்போதே போட்டுவிட்டேன், திருப்பவும் தொடங்கினேன். என்னைக் கொடூரன் என்று நினைக்க வேண்டாம். அன்றே கோப்பில் 'நான்காம் நிலை' என்று எழுதினேன். கையேட்டில் சொன்ன அடைப்புக்குறிகூடச் சரியாக விழுந்தது.

காயம் என்று தெரிந்ததும் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும் என்று வார்டில் ஒரு பேச்சு எழுந்தது. பித்தளைப் பலகை என்ன ஆகும் என்று நான் கண்காணிப்பாளரைக் கேட்டேன். "வெளிய தெரியாம நீயே பாத்துக்கப்பா" என்றார். நான்காம் நிலையைத் தொட எனக்கு அனுமதி கிடைத்தது அப்படித்தான். எழுத்தில் இல்லை, ஆனால் முத்திரை சம்பந்தமான அவருடைய கருத்து உங்களுக்குத் தெரியும்.

கிரேன்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். அதாவது, புண் வந்திருக்கிறது, நான் ஆற்றிவிடுவேன், படம் எடுத்துக்கொள்ள அவர் சம்மதம் வேண்டும் என்று.

"எடுத்துக்குங்க தம்பி. என் மூஞ்சிக்கு அது தேவலாம்." பிறகு, "எப்ப உக்காரலாம்?" என்றார்.

"ஆறட்டும் அண்ணே."

"என்னால நீங்க பாஸாயிட்டா வண்டிய நீங்கதான் முதல்ல தள்ளிவிடணும்."

அவருக்கு நான் போட்ட கட்டுகள் போல என் வாழ்நாளில் யாருக்கும் போட்டதில்லை. பஞ்சை மூன்று விரலால் பிடித்தேன். என் விடுமுறை நாளிலும் வந்து போட்டேன். என் மனைவிக்குக் காய்ச்சல் என்றபோதும் வந்தேன். இப்படிப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அண்ணியே நாலு பேரிடம் சொன்னார். புண்ணின் ஓரங்கள் நன்றாக உள்ளே வந்தன. அந்த இளஞ்சிவப்பை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். கோப்பை அனுப்பினேன். முதல் முறையாக எதுவும் திரும்பி வரவில்லை. காது, இனிஷியல், முத்திரை, எல்லாம் சரி. தேர்வுக்கு நுழைவுச் சீட்டு வந்தது.

அதற்குப் பிறகு அவருக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள், அங்கே இறந்துபோனார். என் வேலை காயம். காயம் ஆறிக்கொண்டுதான் இருந்தது. ரத்தத்தில் கிருமி என்பது வேறு சிறப்புத் துறை, அதற்குத் தனியாகச் சான்றிதழ் உண்டு. நான் அனுப்பிய கோப்பில் அவர் இன்னும் ஆறிக்கொண்டிருந்தார்.

சாமான்களை எடுத்துப்போக வந்த அண்ணி, மாதிரி வினாக்களை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். தலையணைக்கு அடியில் இருந்ததாம். பாதியில் ஓர் ஓரம் மடக்கியிருந்தது.

"இதுக்கு மேல இருக்கிறத நீங்களே கேட்டுப் பாத்துக்கங்க தம்பி" என்றார். "நல்லா எழுதுங்க. அவரு உங்களப் பத்தியே பேசிட்டிருந்தாரு."

நன்றாகத்தான் எழுதினேன். எழுத்துத் தேர்வில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்து நேர்முகம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்: மீசை வைத்த ஒரு பேராசிரியர், பக்கத்தில் பேசவே பேசாத ஓர் அம்மா. பேராசிரியர் என் கோப்பைப் புரட்டி, "ரொம்ப நேர்த்தியா பண்ணியிருக்கீங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

பிறகு முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனார். "இதுல ஒரு புண்ணும் இல்லையே. நல்ல தோலு. இதை எதுக்குப் படம் எடுத்தீங்க?"

"முதல்லேருந்து காட்டணும்னு சார். கையேட்டுல அப்படித்தான் இருக்கு."

"புண் வரப் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் கோப்பைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன், அவர் தரவில்லை. அந்த ஒரு படத்தால்தான் நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முழுமையாகச் செய்ய வேண்டும் என்ற குணம் ஒருவனுக்கு எதிராகவே திரும்புவதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அரைகுறையாகச் செய்பவர்கள் எல்லாம் வில்லை குத்திக்கொண்டு திரிகிறார்கள்.

ஆம், நான்தான் மோட்டாரை அணைத்தேன். நான்தான் அவரைத் திருப்ப விடவில்லை. நான் அப்படிச் செய்யாதிருந்தால் அவர் இப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். இதில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். முத்திரை அதைத் தொடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தேன். அந்த நேர்முகத்தில், பேராசிரியர் போலீசுக்குப் போன் செய்ய எழுந்து போன பிறகு, அந்த அம்மா கோப்பைத் தன் பக்கம் இழுத்து, நான் அம்புக்குறி போட்டிருந்த படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இது எலும்பு இல்லப்பா. அழுகின கொழுப்பு வெளுத்திருக்கு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று உங்கள் ஆட்கள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் வைத்தார்கள். வெகுநேரம் பார்த்தேன்.

அது மூன்றாம் நிலைப் புண்தான்.