முப்பது இழுப்பு

துப்பாக்கிக்கு எண்ணெயை அள்ளிப் பூசக் கூடாது, ஐயா. குடகு மழைக்குப் பயந்து எல்லோரும் செய்கிற தப்பு அது. எங்கள் வீட்டுத் துப்பாக்கிகளை நாற்பது வருடமாக நான்தான் துடைக்கிறேன். உரிமச் சீட்டைப் பார்க்க வந்த நீங்கள், டப்பாவில் கிடக்கும் இந்தத் தேய்ந்த குறிமணி எதற்கு என்று கேட்டுவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். வைத்திருந்து வைத்திருந்து எனக்கும் அலுத்துவிட்டது.

குழல் நுனியில் நிற்கும் மணியைப் பார்த்துத்தான் குறி வைப்பது. இது என் அண்ணன் பெள்ளியப்பாவின் ரைபிளில் இருந்தது. துப்பாக்கிகளுக்குப் பூசை செய்யும் கைல்போதுப் பண்டிகையன்று மரத்தில் கட்டிய தேங்காயை ஒரே குண்டில் உடைப்பவன் அவன். கட்டுகிறவன் நான். இருபத்திரண்டு வருடம். ஒவ்வொரு தடவையும் நான் இறங்கும்போது, "சீக்கிரம் எறங்குடா நாணய்யா, தேங்கான்னு நெனச்சு உன் மண்டையச் சுட்டுறப் போறேன்" என்பான். ஊரே சிரிக்கும், நானும் சிரிப்பேன். கெட்டவன் இல்லை அவன். எனக்குத்தான் சலித்துவிட்டது.

அந்த வருடம், "மணி மங்கிப்போச்சுடா, கண்ணுக்குப் பளிச்சுன்னு ஒண்ணு போடு" என்றான். பித்தளையில் செய்தேன். புது மணியை முதலில் உயரமாகத்தான் வைப்போம். பிறகு சுட்டுப் பார்த்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். மணி ஒரு நெல் கனம் உயர்ந்திருந்தாலே, ஐம்பது கெஜத்தில் குண்டு முக்கால் சாண் கீழே போய்விடும்.

மணி மூன்று வாரம் முன்பே தயார். ஆனால் துப்பாக்கிகளைச் சாமி அறையில் வைக்கிற அன்று காலையில்தான் பொருத்தினேன். வைத்துவிட்டால், பண்டிகையன்று பூசை முடிந்து, குழலில் காந்தள் பூச் செருகிக் கையில் கொடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. சுட்டுப் பார்க்க வழியில்லை. நாள் அப்படி அமைந்துவிட்டது.

"நேரா இருக்காடா?" என்று கேட்டான்.

"நேரா இருக்கு" என்றேன். பொய் இல்லை. உயரத்தை அவன் கேட்கவில்லை.

மூன்று குண்டு சுட்டான். தேங்காய் அசையவில்லை. அன்று ஊர் சிரிக்கவும் இல்லை. பன்றிக் கறியும் கடம்பிட்டு உருண்டைகளும் அவன் இலையில் அப்படியே கிடந்தன. சாயங்காலம் என் தோளைத் தொட்டு, "கண்ணு போச்சுடா. அடுத்த வருஷம் நீ சுடு, நான் கட்டுறேன்" என்றான். அவன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. அப்போதே அரத்தை எடுத்திருக்கலாம். ஆனால் மணி சரியானால் அவன் கண்ணும் சரியாகிவிடும். எனக்குக் கொடுத்த முறையைத் திரும்ப வாங்கிக்கொள்வான்.

மறுநாள் காலை வேட்டை. அந்தக் காலத்தில் அதற்குத் தடை இல்லை. அண்ணி சீதவ்வா வாசலில் மறித்தாள். "கண்ணு தெரியலன்னு நீங்கதானே சொன்னீங்க. தம்பி, நீயாவது சொல்லு."

"பன்னி தேங்கா மாதிரியா அண்ணி, எவ்வளவு பெருசு" என்றேன். அண்ணன் சிரித்துவிட்டான். முதல் நாளிலிருந்து அவன் சிரித்தது அதுதான்.

ஏலக்காய்த் தோட்டத்துச் சரிவில் பன்றி நேரே வந்தது. இருபது கெஜம் இருக்கும். நெற்றிக்கு வைத்தான், தாடையில் பட்டது. அடிபட்ட பன்றி நிற்காது. அவன் தொடையைக் கிழித்துவிட்டது. தூக்கிக்கொண்டு வரும்போதும், "கண்ணுடா, கண்ணு" என்றே முனகிக்கொண்டிருந்தான். பாதி வழியில் முனகல் நின்றது.

எங்களில் சாவென்றால் இரண்டு வெடி சுட்டு ஊருக்குத் தெரிவிக்க வேண்டும். அவன் ரைபிளைத்தான் எடுத்தேன். வானத்தைப் பார்த்துச் சுடுவதற்குக் குறிமணி எதற்கு? ஆனாலும் சுடுவதற்கு முன்னால் உட்கார்ந்து அதை அராவினேன். முப்பது இழுப்புதான், ஐயா. எண்ணினேன்.

அடுத்த வருடம் என் முதல் குண்டிலேயே தேங்காய் உடைந்தது. அண்ணனுடைய கையே எனக்கு வந்திருக்கிறது என்று சொல்லி அண்ணி அழுதாள்.

எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறுக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். அவனுக்கு உண்மையாகவே கண் மங்கிக்கொண்டுதான் வந்தது. இல்லாவிட்டால், மணி உயரமாக நிற்பது அவனுக்குத் தெரிந்திருக்காதா?