போக மட்டும்

இல்லைங்க மேடம், இதுக்கு மேல வேகமா போக முடியாது. வளைவுக்கு வளைவு பனி. மலை எங்கயும் ஓடிடாதுங்க. இந்த ரோட்டுல டாக்ஸி ஓட்டியே தலை நரைச்சுப்போச்சு எனக்கு.

இந்த டூரிஸ்ட்டுங்க கதையைக் கேட்டா சிரிப்பீங்க. மேல போய் நின்னுட்டு ஒருத்தர், அவ்வளவுதானா, போட்டோவுல பெருசா இருந்துச்சேன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றார். என்னமோ நான்தான் மலையைச் சீவிக் குறைச்சுட்ட மாதிரி. போன வாரம் ஒரு புதுசா கல்யாணமான ஜோடி. பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்ததோட சரி, திரும்பிக்கூடப் பாக்கல. இறங்குறப்ப பனி மூடிடுச்சுன்னு எனக்கு ரெண்டு ஸ்டார் போட்டுட்டுப் போயிட்டாங்க. பனிக்கு நான் என்னங்க பண்ணுவேன்?

சிரிப்பே வரலையா. பரவால்ல.

போன் அடிச்சுக்கிட்டே இருக்கே, எடுங்களேன். அம்மாவா? சரி, உங்க இஷ்டம். எனக்கும் உங்க வயசுல ஒரு பொண்ணு இருக்கா. அவ போனை எடுக்கலைன்னா என் வீட்டுக்காரி சோறு தண்ணி இல்லாம உக்காந்துடுவா.

அந்த பாட்டில்ல தண்ணி இருக்கு, குடிங்க.

என்ன, டவுன் போர்டைப் பாத்துட்டீங்களா? ஆமா, வியூ பாயின்ட்டுக்கு அங்கேயே இடது பக்கம் திரும்பியிருக்கணும். நான் திரும்பல. கோவப்படாதீங்கம்மா. பயப்படவும் வேணாம், டவுனுக்குத்தான் இறங்கிட்டிருக்கோம். என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில நர்ஸு. டீக்கடையில வண்டியை நிறுத்தினேன்ல, அப்பவே அவகிட்ட போன்ல சொல்லிட்டேன். வாசல்லயே நிப்பா. அவகூட கொஞ்ச நேரம் உக்காந்து பேசுங்க. திட்டணும்னா அப்புறம் என்னைத் திட்டிக்கங்க, கேட்டுக்கறேன்.

இல்லம்மா, உங்களைப் பத்தி யாரும் எதுவும் எங்கிட்ட சொல்லல. அந்த மேட்டுல வீடு கிடையாது, லாட்ஜ் கிடையாது, பஸ்ஸும் போகாது. வண்டி கேக்க வர்றவங்க முதல்ல பேசுறதே திரும்பி வர்றதைப் பத்திதான். எவ்வளவு நேரம் நிப்பீங்க, வெயிட்டிங்குக்குக் குறைச்சுக்கக்கூடாதான்னு நச்சரிச்சுடுவாங்க. நீங்க ஸ்டாண்டுல வந்து அதைப் பத்திப் பேசவே இல்லம்மா. போக மட்டும் போதும்னீங்க.