எட்டு மெஷினிலும் பருப்பு விலை

— வந்தவங்க அஞ்சு மணிக்கு மறுகா வார எண்டு செல்லிட்டுப் போன, சேர். இப்ப நாலே கால். அதுக்கு முந்தி ஒங்கட பக்கத்த அழிச்சிப் போடுங்கோ.

— ஹபீலா, நீர் கேக்கிறது என்ன எண்டு உமக்கே விளங்குதோ? மூண்டு வருசமா எழுதின வலைப்பூ. நூற்றி அறுபத்திரண்டு கட்டுரை. நாளாந்தம் அறுபது வாசகர். அதை ஒரு விரலால அமத்தி இல்லாமலாக்கச் சொல்லுறீர்.

— ரெண்டு தரம் அமத்தணும். 'நிச்சயமா' எண்டு ஒருக்கா கேக்கும்.

— பகிடி விடாதையும்.

— பகிடி இல்ல சேர். ஜும்ஆவுக்குக் கட மூடப் போன நேரம் மூணு பேர் வந்த. பொலிஸ், ஆனா சிவில் உடுப்பு. எட்டு கொம்பியூட்டர் மெஷினயும் போடச் செல்லின. போட்டா எட்டிலயும் ஒங்கட பக்கம். வன்னியில சண்ட நடக்கிற நேரம், கட்டுகஸ்தோட்ட பஸார்ல, ஒரு கம்யூனிகேஷன் கடைய தொறந்தா சுத்திவரத் தமிழ் எழுத்து.

— வாசிச்சுப் பார்த்தவங்களோ, இல்லை எழுத்தின்ர வடிவத்தை மட்டும் பார்த்தவங்களோ?

— ஒருத்தனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். எழுத்துக் கூட்டி வாசிச்ச. "நேற்று மூன்றாவது பாலத்தையும் கடந்தேன். காவலுக்கு நின்ற இருவரும் என்னைக் காணவில்லை. இனிக் கோட்டைதான்." மத்த ரெண்டு பேரும் கதிரையால எழும்பிட்டாங்க.

— அது விமர்சனம். கணினி விளையாட்டு. குள்ளன் ஒருத்தன் கோட்டையில கிடக்கிற கதவுத் திறப்பை எடுக்கப் போறான்.

— நானும் அதத்தான் செல்லின. குள்ளன் எண்டது யார்ட பட்டப் பேரு எண்டு கேட்ட.

— கலை விமர்சனத்துக்கு இந்த நாட்டில இருக்கிற மரியாதை அவ்வளவுதான். பிறகு?

— மறுகா கீழ போன. "பருப்பு கால் கிலோ, பாண் அரை இறாத்தல், சவர்க்காரம் ஒன்று, கையிருப்பு நூற்றிப் பன்னிரண்டு ரூபா." இது சங்கேதமா எண்டு மத்தவன் கேக்க, தமிழ் தெரிஞ்சவன் செல்லின, இவ்வளவு ஏழச் சங்கேதம் தான் கண்டதில்ல எண்டு.

— சிரிச்சவங்களோ?

— ஒருத்தன் சிரிச்ச. மறுகா ஒங்கட பேரப் பாத்து சிரிப்ப நிப்பாட்டின. அத நீங்களே பாருங்கோ, எவ்வளவு பெரிசா போட்டீக்கி. "ஆறுமுகம் சோதிலிங்கம், பிரதம இலிகிதர், பருத்தித்துறை பிறப்பிடம், கண்டி வதிவிடம், விமர்சகர், அசைபடக் கலைஞர், குடும்ப நிதி ஆலோசகர்." இது பொய்ப் பேருதான், உண்மையான ஆள் இவ்வளவு எழுதமாட்டான் எண்டு முடிவு செஞ்சாங்க. பக்கம் இல்லாமப் போகணும், இல்லாட்டி எழுதின ஆள் அஞ்சு மணிக்குக் கடையில ஈக்கணும். ரெண்டில ஒண்டு.

— நீர் என்ன சொன்னீர்?

— ஆளத் தெரியா எண்டு செல்லின. கிழமைக்கு நாலு நாள் மூணாம் நம்பர் மெஷின்ல குந்தி ஈக்கிற ஆள, தெரியா எண்டு செல்லின. என்ட வாப்பா மவுத்தாகினதுக்குப் பொறகு நான் செல்லின பெரிய பொய் அது.

— அதுக்கு நன்றி, பிள்ளை. ஆனா அழிக்கேலாது. வாசகர் வட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அறுபது சனம் நாளைக்கு வந்து பார்த்தால் வெறும் பக்கம். அவைக்கு நான் என்ன சொல்லுறது?

— அந்த அறுபது பேர்கிட்டயும் நானே செல்றேன் சேர்.

— உமக்கு அவையை எப்பிடித் தெரியும்?

— எட்டு மெஷின்லயும் ஒங்கட பக்கம் ஏன் தொறக்குது எண்டு நீங்க கேக்கவே இல்லயே.

— உம்மட ஆதரவு எண்டு நினைச்சன். கேட்டால் வெக்கப்படுவீர் எண்டு விட்டன்.

— அல்லாவே. இரிங்கோ, செல்றேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி எல்லா மெஷின்லயும் வைரஸ் வந்த, ஞாபகமா? கொழும்பால ஒரு ஆளக் கூட்டிவந்த. அவன் சுத்தமான மெஷின் ஒண்ட எடுத்து மத்த ஏழுக்கும் அப்பிடியே கொப்பி பண்ணின. சுத்தமா ஈந்தது மூணாம் நம்பர். ஒவ்வொரு நாளும் விலாசம் அடிக்கக் கஷ்டம் எண்டு, தொறந்த ஒடனே ஒங்கட பக்கம் வார மாதிரி நீங்கதான் அதில செஞ்சி வெச்சீக்கி.

— ஓம். அது என்ர வசதிக்கு.

— அதும் சேந்து கொப்பியாகின. அண்டைக்கிலேருந்து யாரு எந்த மெஷினத் தொறந்தாலும் மொதல்ல ஒங்கட பருப்பு வெல. அவங்க அத மூடிட்டு அவங்கட வேலயப் பாப்பாங்க. ஆனா தொறந்தா ஒண்டு கூடும்.

— திறந்தால் ஒண்டு கூடுமோ?

— ஓ சேர். தண்ணி தரவா?

— ஒரு நாளைக்கு இந்த எட்டையும் எத்தினை தரம் திறப்பீர்?

— அறுபது. மழ நாள்ல குறையும்.

— மழை நாளில என்ர வாசகரும் குறையிறவை. இலக்கியத்துக்கும் காலநிலைக்கும் ஏதோ தொடர்பு எண்டு ஒரு கட்டுரை எழுதினன்.

— பாத்த சேர்.

— வெசாக் முடிஞ்ச கிழமை ஒரு நாள் நூற்றிநாலு வந்தது. அண்டைக்குத்தான் பூனை நடக்கிற அசைபடம் போட்டனான்.

— அண்டைக்குக் கரண்ட் ஏழு தரம் போய் வந்த.

— சரி.

— அந்தப் பூனயும் பின்னுக்கில்லயா நடந்த.

— சரி எண்டு சொன்னன். ஏன் இதை முந்தியே எனக்குச் சொல்லேல்லை?

— எப்பிடிச் செல்ற? வாசகர் கணக்கு ரெண்டிலேருந்து அறுபதுக்குப் போன அண்டைக்கு நீங்க சீனிப் பணிஸ் வாங்கி வந்து கடையில ஈந்த எல்லாருக்கும் குடுத்த. பத்திரிகைக்காரன் மாதிரி கைய பின்னால கட்டிட்டு நிண்ட. ஒரு மாசத்துக்குப் பொறகு எனக்கு விளங்கின. மாத்தணும் எண்டு ஒக்காந்தா ஒங்கட மூஞ்சி ஞாபகம் வரும். அப்பிடியே விட்ட.

— ரெண்டு வருசம் என்னை மேடையில ஏத்தி வச்சிருக்கிறீர், சனம் இல்லாத மண்டபத்தில.

— சனமே இல்ல எண்டு செல்ல ஏலா. ஆஸியா உம்மா ஈக்காங்க, கட்டார்ல ஈக்கிற மகனோட கதைக்க வாரவங்க. லைன் கிடைக்கிற வர வேற வேல இல்லாம ஒங்கட கணக்க வாசிப்பாங்க. "இந்தாளு மூணு கெழமயா மீன் வாங்கல்ல" எண்டு என்கிட்ட செல்லின. நோன்புப் பெருநாளுக்கு ஒங்களுக்கு வட்டிலப்பம் தந்தேனே, அது நான் செஞ்சதில்ல. அவங்க அனுப்பின.

— எனக்கு உலகத்தில ஒரேயொரு வாசகி, அவவும் என்னைப் பசியில கிடக்கிறான் எண்டு வாசிச்சிருக்கிறா.

— கோவிக்காதீங்கோ சேர். பக்கம் போனா எனத்த? வீட்டில எழுதி வெச்சிக்கோங்கோ. ஒரு கொப்பி வாங்கித் தாறேன்.

— கொப்பியில எழுதினால் கொப்பி நான் இருக்கிற வத்தேகம அறையில கிடக்கும். இந்தப் பக்கத்தில எழுதினால், உலகத்தில எங்கையிருந்தும் ஒருத்தன் தேடி எடுக்கலாம். அறுபது எண்டது என்ர வாய்க்கொழுப்பு, ஹபீலா. எனக்கு ஒருத்தன் போதும்.

— யாரு?

— என்ர மகன். பிரணவன். ஏழு வயசில தாய் கூட்டிக்கொண்டு கனடா போனவ. இப்ப பதினைஞ்சு. எந்த ஊர் எண்டு எனக்குத் தெரியாது.

— நீங்க கலியாணம் முடிச்சீக்கியா? தனிக்கட்ட எண்டுதானே நாங்க...

— தனிக்கட்டைதான். ஆகினது, பிறந்ததில்லை. யோசிச்சுப் பாரும். பதினைஞ்சு வயசுப் பெடியன் கொம்பியூட்டரில என்ன தேடுவான்? விளையாட்டு. கார்ட்டூன். ஆறுமுகம் சோதிலிங்கம் எண்டு தேடுவானோ? அதுதான் ஐம்பத்திமூண்டு வயசில குள்ளனோட கோட்டைக்குப் போனன். ஒவ்வொரு விளையாட்டையும் முடிச்சு, அவன் தேடினால் அகப்படுற மாதிரித் தலைப்பு வச்சன். பூனை பின்னுக்கு நடந்தது எண்டு சிரிச்சீர். தெல்தெனியாப் பக்கம் குவாட்டர்ஸில இருக்கேக்கை எங்களிட்டை ஒரு பூனை நிண்டது. அது கதவடிக்குப் போனால் இவன் வாலைப் பிடிச்சுப் பின்னுக்கு இழுப்பான். பன்னிரண்டு படம் கீறினன், அந்த ஒரு இழுவைக்கு.

— எனக்குத் தெரியா, சேர். செல்லியிருந்தா சிரிக்கமாட்டேன்.

— தெரிஞ்சாலும் சிரிக்கலாம். நல்லாக் கீறவுமில்லை.

— அப்ப பருப்பு வெல?

— அது அவன்ர தாய்க்கு.

— கனடாவில ஈக்கிற பொம்புளைக்குக் கட்டுகஸ்தோட்டப் பருப்பு வெல எனத்துக்கு?

— நான் காசை வீணாக்கிறன் எண்டுதான் கமலாசனி போனவ. பொய்யில்லை. கூட்டாளிமாருக்குப் பிணை நிக்கிறது, லொத்தர் சீட்டு, சம்பள நாளில ராசா மாதிரி வாடகைக் கார். பிள்ளையின்ர பால்மாக் காசில ஒருக்கா ஒரு கமரா வாங்கினன். அதுதான் கடைசி. இப்ப அவ எப்பவாவது பார்த்தால் தெரியட்டும்: பாண் அரை இறாத்தல், கையிருப்பு நூற்றிப் பன்னிரண்டு. ஆள் திருந்திட்டான். திருந்தின கணக்கைக் காட்ட ஆளில்லாமல் உலகத்துக்கே காட்டிக்கொண்டு இருக்கிறன்.

— கடிதம் போடல்லயா?

— போட்டன். திரும்பி வந்தது, அந்த விலாசத்தில அவை இல்லையாம். அவ எனக்குப் போட்டிருந்தாலும் வந்திருக்காது. தமிழ் ஆளுக்கு அறை குடுத்தால் பொலிசில பதியோணும் எண்டு ஆறு வருசத்தில அஞ்சு வீட்டால எழுப்பிப்போட்டாங்கள். ஒவ்வொரு வீட்டோடயும் ஒரு ரெலிபோன் நம்பரும் போச்சு. நான் இருந்த இடங்களில, என்னை ஒருத்தரும் எழுப்பாத விலாசம் இந்தப் பக்கம் ஒண்டுதான்.

— அந்தப் பேரு... அதான் அவ்வளவு நீளமா?

— தகப்பன்ர பேர், பிறந்த ஊர், செய்யிற வேலை. ஆரும் தேடினால் வேற சோதிலிங்கத்திட்டைப் போயிடக் கூடாது.

— மகனுக்குத் தமிழ் வாசிக்க வருமா சேர்?

— ஏழு வயசில போனவன். 'அ' கீறுவான், சுழியை மற்றப் பக்கம் போட்டு. நீர் இதைக் கேட்பீர் எண்டுதான் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

— நான் கேட்டிருக்கக் கூடா.

— கேட்டது சரி. மூண்டு வருசத்தில ஒரு பின்னூட்டம் இல்லை. ஒரு வணக்கம் இல்லை. போதும், பிள்ளை. உம்மட கடையையும் மூடப் பண்ணிப் போட்டு எனக்கு என்ன பெருமை? வாரும், எங்கை அமத்திறது எண்டு காட்டும்.

— நான் செய்றேன், நீங்க அங்கால பாத்துட்டு இரிங்கோ. கடவுச்சொல் அடிச்சித் தாங்கோ. ஆ... சரி. பொறுங்கோ. இந்த எண்ணிக்கைக்குக் கீழ ஒரு பட்டியல் ஈக்கி. எந்த ஊர்லேருந்து வந்து பாத்த எண்டு. நீங்க இத பாத்ததில்லயா?

— அறுபது எண்டு மேல போட்டிருக்கேக்கை, கீழ இறங்கிப் பார்க்க எனக்கென்ன விசரோ?

— கண்டி. கண்டி. கண்டி. இது நாங்கதான். கண்டி. கண்டி.

— காணும், வாசியாதையும்.

— கண்டி. கண்டி. மார்க்கம்.

— அது எங்கை? மாத்தளைப் பக்கமோ?

— கனடா எண்டு போட்டீக்கி.

— தள்ளும். எனக்குக் காட்டும். எத்தினை தரம்?

— போன சனிக்கிழம ஒண்டு. அதுக்கு முந்தின சனிக்கிழம ஒண்டு. இரிங்கோ, பின்னுக்குப் போறேன். எல்லாச் சனிக்கிழமயும் ஈக்கி சேர். போன வருசம் பெப்ரவரியிலேருந்து ஒரு கெழம தவறல்ல.

— எதை வாசிக்கிறான்? குள்ளனையோ, பூனையையோ?

— ரெண்டும் இல்ல. வரவு செலவு மட்டும். கடைசிக் கணக்கத் தொறந்து அர நிமிசம் ஈந்துட்டுப் போற.

— அப்ப அவன் இல்லை. அவ.

— அவங்களாத்தான் ஈக்கும்.

— கணக்குப் பார்க்க வந்திருக்கிறா. எட்டு வருசம் போயும் என்னில நம்பிக்கை வரேல்லை. பருப்பை நான் கூட்டிப் போட்டிருக்கிறனோ எண்டு பார்த்துட்டுப் போறா.

— சேர், எனத்தத் தேடி வந்த எண்டும் இதில ஈக்கி.

— என்ன தேடினவ?

— ஒங்கட பேரு. தகப்பன்ட பேரோட முழுசா. மறுகா கண்டி. மறுகா...

— சொல்லும், ஹபீலா.

— 'மரண அறிவித்தல்' எண்டு அடிச்சீக்கி. எல்லாச் சனிக்கிழமயும் அதேதான்.

— இண்டைக்கு வெள்ளி என்ன?

— ஓ. வெள்ளி. நாலரையாகிட்டு. நான் அழிக்கிற எடத்தில வெரல வெச்சிட்டு ஈக்கிறேன், எனத்த செய்ய?

— விரலை எடும். நாளைக்கு அவ தேடி வருவா. மற்ற ஏழிலயும் முதல் பக்கத்தை மாத்தும், கிரிக்கெட்டோ நாடகமோ, உமக்கு விருப்பமானதைப் போடும். எழுதின ஆள் இஞ்சை இருக்கிறார் எண்டு அவங்களுக்குச் சொல்லும். அடையாள அட்டை சட்டைப் பையில கிடக்கு.

— கொண்டு போயிட்டா? சேர், இப்ப கொண்டு போற ஆக்கள எப்ப விடுவாங்க எண்டு யாருக்கும் தெரியா.

— அப்ப சனிக்கிழமையில நீர் எழுதும், பிள்ளை. பாண் அரை இறாத்தல். அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம்.