பிடி விடாத கை

உங்கள் விசாரணை அறை நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து ரப்பர் வார்க்கிறவளுக்கு அதெல்லாம் பெரிய விஷயம்.

எங்கள் கம்பெனி ரோபோ, ஆக்டோபஸைப் பார்த்துச் செய்தது. கடலடிக் குழாய்களைப் பற்றிக்கொண்டு பழுதுபார்க்கும். கைகளை வார்ப்பது நான். அதன் உறிஞ்சிகள் பிடித்ததை விடவேண்டுமானால், கைக்குள் ஓடும் மெல்லிய துளை வழியாகத் தண்ணீர் போகவேண்டும். அதைச் செலுத்த வெளியே ஒரு பொத்தான்.

சோதனைத் தொட்டியில் இறங்குகிறவன் என் தம்பி. அன்று கை அவன் மூச்சுக்குழாயைப் பிடுங்கிவிட்டு மார்பைச் சுற்றிக்கொண்டது. பொத்தான் தலைமைப் பொறியாளரிடம் இருந்தது. அவர் விருந்தினர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சை முடித்துவிட்டுத்தான் திரும்பினார், அழுத்தினார். கடைசியில் ரோபோவின் கையை அறுத்துத்தான் தம்பியை வெளியே எடுத்தோம். உயிர் இல்லை.

துக்கம் கேட்க வந்த பொறியாளர், தம்பி மனைவி முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"அழுத்திக்கிட்டேதாம்மா இருந்தேன். அது விடவே இல்ல."

பழியைத் தூக்கி ஒரு பொத்தான்மேல் போடுகிற மனுஷன். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்தார். "இனிமே யாரையும் இறக்க மாட்டேன். புதுக் கைக்கு நானே இறங்குறேன். பொத்தான நீங்க வெச்சுக்குங்க. உங்களத்தான் நம்புறேன்."

"சரி சார்," என்றேன்.

புதுக் கையைப் பிசிறில்லாமல் வார்த்தேன். இறுகியதும் துளைக்குள் ஒரு துளி ரப்பர் விட்டேன்.

தொட்டிக்குள் ரோபோவின் கை வளைத்து இறுக்கியதும் அவர் கையசைத்தார். நான் உடனே அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன், எல்லோரும் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கண் என்னைத் தேடியது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது அடங்கும்வரை. அவரைக் கொன்றது நான்தான். அதிலிருந்து சோறு தொண்டையில் இறங்குகிறது, தூக்கமும் வருகிறது.

ஒரே துளி போதும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்கள். தம்பியை எடுக்க அறுத்தோமே, அந்தக் கையில் பார்த்தேன். துளைக்குள் ஒரு துளி ரப்பர் இறுகி அடைத்திருந்தது. மற்றவர்கள் கண்ணில் படுமுன் சுரண்டி எடுத்துவிட்டேன். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். அவர் தாமதமாக அழுத்தியதால்தான் என் தம்பி செத்தான்.